எங்கே இருக்கிறான் என்று தெரியும். யார் என்று தெரியுமா?

நடுப்பகல் நேரம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, முதுகிலே உணவுப் பெட்டியைச் சுமந்தபடி நிற்கிறான் ஓர் இளைஞன். 'வந்து சேர்ந்துவிட்டீர்' என்று கைபேசி ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. எங்கே வந்து சேர்ந்தான்? சுவரிடம் வந்து சேர்ந்தான்! வாசலோ அடுத்த தெருவில். வழி கேட்டால் காவலாளி கைகாட்டுகிறார், கைபேசி காட்டவில்லை. மேலே நாலாவது மாடியில் ஒருவர் அதே நேரத்தில் தம் கைபேசியைப் பார்க்கிறார். சின்னஞ்சிறு வண்டிப் படம் ஒன்று அசையாமல் நிற்கிறது. "என்ன செய்கிறான் இவன்?" என்று முகம் சுளிக்கிறார். சோறு ஆறுகிறது, சீற்றம் ஏறுகிறது, ஐந்து நட்சத்திரம் இரண்டாக இறங்குகிறது.

குற்றம் யாருடையது? சுவருடையதா? வரைபடத்துடையதா? வாசலை எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதாத வீட்டுக்காரருடையதா? கேள்வியே எழவில்லை, தோழர்களே! தண்டனை எவன் தலையில் விழுகிறதோ அவனே குற்றவாளி என்பது இந்த நாட்டின் பழைய நியாயம். புத்தம் புதுக் கருவிக்குள்ளும் அது குடியேறிவிட்டது.

கைபேசிக்கு நாம் இருக்கும் இடம் தெரியும். அந்த இடத்தை வைத்து வண்டி அழைக்கலாம், சோறு வரவழைக்கலாம், பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கலாம், பக்கத்தில் மருந்துக்கடை உண்டா என்று கேட்கலாம். இந்தச் சேவைகளை மேலும் எளிதாக்குகிறோம், அவரவர்க்கு ஏற்றபடி ஆக்கித் தருகிறோம் என்று நிறுவனங்கள் விளம்பர முரசு கொட்டுகின்றன. நல்லது. வரவேற்கிறோம். கட்டை வண்டிக் காலத்துக்குத் திரும்பிப் போவோம் என்று பேசும் கூட்டம் அல்ல நாம். அறிவியல் வளர வளர ஆர்ப்பரித்து வரவேற்றவர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 'அவரவர்' என்கிறார்களே, அந்த அவரவரில் நம்மவர் உண்டா?

மாடியில் இருப்பவருக்கு அந்தக் கருவி என்னவெல்லாம் செய்து தருகிறது பாருங்கள்! 'வீடு' என்று ஒருமுறை குறித்தால் போதும், மறுமுறை கேட்பதில்லை. போன வாரம் என்ன தின்றார் என்பதை நினைவில் வைத்திருக்கிறது. மாலை 6 மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புவார் என்று கணித்து, சாலை நெரிசலை முன்கூட்டியே சொல்கிறது. பட்டத்து இளவரசருக்குத் தோழன் வாய்த்தது போல!

கீழே நிற்கிறானே தம்பி, அவனுக்கு? அவன் இருக்கும் இடம் விநாடிக்கு விநாடி பதிவாகிறது. எந்தச் சந்தில் நின்றான், எங்கே திரும்பினான், எத்தனை நிமிடம் தாமதித்தான், எல்லாம் தெரியும். ஆனால் அவனுக்குத் தேவையானது ஒன்றுகூடத் தெரியாது. இந்தக் கட்டடத்துக்கு வேலையாட்கள் நுழையும் வழி தனி என்பது தெரியாது. மழை பெய்தால் இந்தச் சுரங்கப்பாதை நிரம்பும் என்பது தெரியாது. 6 மணி நேரமாக வண்டியில் இருக்கிறானே, பக்கத்தில் கழிவறை எங்கே, குடிநீர் எங்கே என்பது தெரியாது. 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இந்தத் தொழிலாளர்களுக்கென்றே குளிரூட்டப்பட்ட ஓய்வறை கட்டியது. எந்த வணிகச் செயலியாவது, "தம்பி, 400 மீட்டரில் ஓய்வறை இருக்கிறது, பத்து நிமிடம் உட்கார்ந்து வா" என்று தானாகச் சொல்கிறதா? பிரியாணிக் கடையைக் காட்டத் தெரிந்த கருவிக்கு ஓய்வறையைக் காட்டத் தெரியாதா? தெரியும். சொல்லச் சொன்னவர் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தக் கருவி எப்படி இடத்தை அறிகிறது என்று பார்ப்போம். ஏனெனில் நம் தோழர்களிலேயே பலர், "வானத்திலிருந்து செயற்கைக் கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது" என்று நம்புகிறார்கள். கோள் நம்மைப் பார்க்கிறது என்பது சோதிடன் கட்டிய கதை. அந்தக் கதையை விட்டொழித்த நாம், செயற்கைக் கோள் விஷயத்திலும் அதே மயக்கத்தில் விழலாமா?

உண்மை இது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை செய்வதெல்லாம் ஒன்றுதான்: "நான் இன்ன கோள், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் அறிவிப்பது. அந்தக் குரல் ஒளியின் வேகத்தில் நம் கைபேசிக்கு வருகிறது. வந்து சேர எத்தனை நேரமாயிற்று என்று பார்த்து, அந்தக் கோளிலிருந்து நாம் எவ்வளவு தூரம் என்று கைபேசி கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் குரல் கிடைத்தால் நாம் நிற்கும் புள்ளி கிடைத்துவிடும். விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். அத்தனை நுட்பமான கடிகாரக் கணக்கு! திறந்த வெளியில் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். சௌகார்பேட்டைச் சந்துகளிலோ, உயர்ந்த கட்டடங்களின் இடையிலோ, குரல் சுவரில் மோதி எதிரொலித்து வருவதால் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். அதைச் சரிக்கட்ட, அருகிலுள்ள செல்பேசிக் கோபுரங்களையும் வைஃபை அலைகளையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும்.

கவனித்தீர்களா? கோள் பேசுகிறது, கைபேசி கேட்கிறது. கோளுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் இடத்தைக் கணக்கிடுவது உங்கள் கையில் உள்ள கருவி. அதை எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கெல்லாம் சொல்வது, அந்தக் கருவிக்குள்ளே நீங்கள் அனுமதித்து உட்கார வைத்த செயலி. ஆகவே, வானத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். கையைப் பார்த்து விழித்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்தது. 1983 செப்டம்பரில் வழி தவறிய தென்கொரியப் பயணி விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் இது பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் திறக்கப்படும் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் முழுமையாகக் கொடுத்தார்களா? இல்லை. படைக்குத் துல்லியம், பாமரனுக்குக் கலங்கல்! வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளின்டன் ஆணையிட்டார்; ஒரே இரவில் கலங்கல் நின்றது. அதுவரை 100 மீட்டர் வரை தடுமாறிய கருவி சில மீட்டருக்குள் வந்தது. புதுக் கோள் ஒன்றும் ஏவவில்லை, தோழர்களே. ஓர் ஆணை, அவ்வளவுதான். இன்று நம் தொழிலாளிக்குச் சேவை கடினமாக இருக்கிறது என்றால், அதுவும் யாரோ எங்கோ எடுத்த முடிவு. மாற்றவும் முடியும்.

எங்கே மாற்ற வேண்டும்? முதலில் மொழியில்.

நம் ஊரில் விலாசம் எப்படிச் சொல்கிறோம்? "பேருந்து நிலையத்தில் இறங்கி, பழைய டூரிங் கொட்டகை இருந்த இடம் தாண்டி, வேப்பமரத்துக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது வீடு." கொட்டகை இடிந்து ஆண்டு முப்பதாகியிருக்கும், ஆனாலும் ஊருக்கு விளங்குகிறது. சென்னையிலோ ஒரே கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று! இந்த நிலையில், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித் தட்டினால்தான் வழி சொல்வேன் என்றால் எப்படி? அந்த எழுத்துக்கூட்டாவது ஒழுங்காக இருக்கிறதா? 'ழ' ஓரிடத்தில் ஒரு விதம், வேறிடத்தில் வேறு விதம். திருவல்லிக்கேணிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத அன்றைய அரசு ஆணையிட்டது. எழுத்துக்கூட்டில் குழப்பம் என்ற குறைகூறல் எழவே, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு இத்தனை பாடு! தமிழில் சொன்னால் புரிந்துகொள் என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் பாடே இல்லையே!

முடியாதா? 2017 ஆகஸ்டிலேயே கூகுள் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. திறமை இருக்கிறது. செயலியின் பொத்தான்களில் தமிழ் வந்துவிட்டது என்று காட்டுவார்கள். பொத்தானில் தமிழ், முகவரி ஆங்கிலம், நிபந்தனைப் பட்டியல் ஆங்கிலம், தண்டனைக்குக் காரணம் ஆங்கிலம். தோரணம் தமிழில் கட்டி, விருந்தை வேற்றுமொழியில் பரிமாறும் வித்தை!

அஞ்சல் துறை செய்ததையும் பாருங்கள். 1972 ஆகஸ்டு 15-இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. தமிழ்நாட்டுக்கு 6-இல் தொடங்கும் எண்கள். பாமரனும் மனப்பாடமாகச் சொன்னான். 2025 மே மாதத்தில் டிஜிபின் என்ற புதிய குறியீட்டை வெளியிட்டார்கள். நாட்டையே ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 குறிகள். தெருப்பெயரே இல்லாத குடிசைக்கும் விலாசம் கிடைக்கிறது. சிறந்த எண்ணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்தவை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த கணவனுக்காக 108-ஐ அழைக்கும் மூதாட்டி, அந்தப் பதற்றத்தில் ஆங்கில எழுத்தை வரிசையாக ஒப்பிப்பாளா? பத்து மாடிக் கட்டடத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே கட்டம், ஒரே குறி! "மாரியம்மன் கோவில் பின்னால், தண்ணீர்த் தொட்டி தெரு, மாடி வீடு" என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கருவிதான் அந்தக் குறியைக் கண்டுபிடிக்க வேண்டுமே தவிர, குறியைக் கண்டுபிடிக்கும் வேலையை அவள் தலையில் கட்டக் கூடாது.

ஊரார் வாயில் வழங்கும் பெயரைக் கருவி கற்கட்டும் என்று சொன்னேன். உடனே விழிப்புள்ள தோழர் ஒருவர் குறுக்கிடுவார்: "ஊரார் வாயில் சாதிப் பெயரும் வழங்குகிறதே, அதையும் கற்கட்டுமா?"

சரியான இடத்தில் அடி கொடுத்தீர், தோழரே! நம் நாட்டில் இடம் என்பது வெறும் இடமா? எந்தத் தெரு என்று சொன்னால் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளும் கொடுமை நூற்றாண்டு நூற்றாண்டாக நடக்கிறதே! 'ஊர்' ஒரு பக்கம், 'சேரி' ஒரு பக்கம் என்று வரைபடத்தை முதலில் வரைந்தவன் கூகுள்காரன் அல்ல. வேலைக்கு மனுப்போட்ட பையனின் விலாசத்தில் 'காலனி' என்று கண்டதும் புருவம் உயர்ந்த கதைகள் நமக்குத் தெரியாதவையா? 1970-களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டை நீக்க ஆணை வந்தது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான நெறிமுறை அரசாணையாக வந்தது. உடனே வழக்கும் வந்தது. வரத்தானே செய்யும்!

பலகையில் அழித்தால் போதுமா? கைபேசி வரைபடத்தில் அந்தப் பெயர் அப்படியே நின்றால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் அதைப் படிக்கலாம். அன்று சாதியை அறிய ஊருக்குள் வர வேண்டும்; இன்று உட்கார்ந்த இடத்தில் விரலால் தேய்த்தால் போதும்! ஆகவே என் கருத்து இது. பழக்கத்தில் ஒருவர் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால், கருவி புரிந்துகொள்ளட்டும். ஆம்புலன்ஸ் தாமதிக்கக் கூடாது. ஆனால் திரையில் எழுதிக் காட்டுவதும், குரலில் திருப்பிச் சொல்வதும் புதிய பெயராகவே இருக்கட்டும். மெட்ராஸ் என்று தேடுகிறவனுக்கு, 1996-க்குப் பிறகு வந்த சென்னையைத்தானே காட்டுகிறது? நகரத்துக்குச் செய்ய முடிந்ததைத் தெருவுக்குச் செய்ய முடியாதா?

வரைபடம் என்பது கம்பெனிக்காரன் மட்டும் எழுதும் வேதமல்ல. கூகுள் வரைபடத்தில் 'இது தவறு' என்று எவரும் திருத்தம் சொல்லலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது பொதுமக்களே வரைந்து வளர்க்கும் வரைபடம். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று மக்களே குறித்த வரைபடம் அதன்மேல்தான் எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சிக்கியவர்கள், தாங்கள் இருக்கும் இடத்தைக் கைபேசியில் அனுப்பிப் படகு கேட்டார்கள். அனுப்பத் தெரிந்தவர்கள் கேட்டார்கள் என்று திருத்திச் சொல்கிறேன். தெரியாதவர்கள் மொட்டை மாடியில் நின்று கையை அசைத்தார்கள். இருப்பிடம் அனுப்ப ஒரு படத்தைத் தொட்டு, ஒரு பட்டியலைத் திறந்து, அனுமதி கொடுத்து, ஆளைத் தேர்ந்து என்று இத்தனை படி ஏறவேண்டியிருப்பது ஏன்? "நான் இருக்கும் இடத்தை மகனுக்குச் சொல்" என்று பாட்டி சொன்னால் போய்ச் சேர வேண்டாமா? எளிமை என்று நான் கேட்பது இதைத்தான்.

இனி, இடத்தை யாருக்குச் சொல்வது என்ற விஷயம். 'அவரவர்க்கு ஏற்றபடி' செய்ய வேண்டுமானால் அவரவரைப் பற்றித் தெரிய வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தையற்காரர் அளவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டைக்கு அளவெடுத்தவர், அந்த அளவைச் சந்தையில் விற்கலாமா? அமெரிக்காவில் ஒரு டார்ச் விளக்குச் செயலி. வெளிச்சம் காட்டுவதுதான் வேலை. அது, பயன்படுத்தியவர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2013-இல் நடவடிக்கை எடுத்தது. விளக்கேற்ற வந்தவன் வீட்டைக் கணக்கெடுத்துப் போன கதை!

தடுக்க வழி கைபேசியிலேயே இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் இருப்பிட அனுமதியைத் திறந்தால், எந்தெந்தச் செயலி உங்கள் இடத்தைப் பார்க்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். 'எப்போதும்' என்றிருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். சில ஆண்டுகளாக, துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமாக மட்டும் காட்டும் வசதியும் உண்டு. மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு உங்கள் பேட்டை தெரிந்தால் போதும், படுக்கையறை எதற்கு?

ஆனால், பிழைப்புக்கே அந்தச் செயலிதான் என்று இருப்பவன் எந்தப் பொத்தானை அணைப்பான்? அணைத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அவனிடம் 'சம்மதமா?' என்று கேட்பது, பசித்தவனிடம் சோற்றைக் காட்டிக் கைநாட்டு வாங்குவது போன்றது. அவனுக்குச் சட்டத்தின் துணை வேண்டும். 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் இணையவழித் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைந்தது. 2025-இல் கர்நாடகம் இயற்றிய சட்டம் ஒருபடி மேலே போய், தொழிலாளியைக் கண்காணித்து முடிவெடுக்கும் தானியங்கி முறைகளைப் பற்றி நிறுவனம் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்கிறது. ஏன் எனக்கு இந்த வேலை வந்தது, ஏன் அவனுக்கு அந்த வேலை போனது, என் இருப்பிடத்தை வைத்து என்ன கணக்குப் போட்டாய் என்று கேட்கும் வாசல் அது. வேளச்சேரிச் சுவரருகே நிற்பவனுக்கும் அந்த வாசல் திறக்க வேண்டும், அதுவும் தமிழில்.

'தமிழில்' என்று கேட்பது சலுகை அல்ல. ஒன்றிய அரசின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது: ஒருவரின் தகவலைக் கேட்கும் நிறுவனம், அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அட்டவணையில் 14 மொழிகள் மட்டும் இருந்த நாளிலிருந்தே தமிழ் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. தன் துறைகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் மடியில் கட்டி வைத்திருக்கிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாதம். அதாவது 2027 மே.

அன்று நம் படிப்பகங்களில், எழுதப் படிக்கத் தெரியாத தோழர்களைச் சுற்றி உட்கார வைத்து ஏடு படித்துக் காட்டினோம். அதே படிப்பகங்களில் ஞாயிறு ஒரு மணி நேரம் கைபேசியைத் திறந்து காட்டலாம். இருப்பிட அனுமதி எங்கே இருக்கிறது, பாட்டி இடத்தை அனுப்புவது எப்படி, வரைபடத்தில் நம் தெருவின் பெயர் என்னவென்று நிற்கிறது, தவறென்றால் திருத்துவது எப்படி. வட்டச் செயலாளர்கள் தங்கள் வட்டத்தின் தெருக்களை ஒருமுறை விரலால் நடந்து பார்க்கட்டும்.

அறிவிப்பு தமிழில் வரும்போதும், எந்தத் தமிழில் வருகிறது என்று பாருங்கள். சட்டப் புத்தகத்தைப் பிழிந்து, பண்டிதருக்கும் விளங்காத நாற்பது பக்கத்தை நீட்டினால் ஏற்க வேண்டாம். "வேலை நேரம் முழுவதும் உங்கள் இடத்தைக் குறித்துக்கொள்வோம். இன்ன நிறுவனத்துக்குத் தருவோம். இத்தனை நாள் வைத்திருப்போம். வேண்டாமென்றால் இங்கே தொடுங்கள், கூலி குறையாது." நான்கே வாக்கியம். இதை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதித் தருவார்கள், அங்கே பிடித்துக்கொள்ளுங்கள்.